ரோஸ் சிரித்த இடங்கள்

படத் தொழிலில் கஷ்டமான வேலை, அதை வீட்டில் விளங்கப்படுத்துவது. பட்டம் பெற்றபிறகு பெற்றோருக்குப் பெயர் சொல்லத் தெரியாத வேலைக்குப் போன எல்லோருக்காகவும் இதை எழுதுகிறேன். உங்கள் வலி எனக்குத் தெரியும்.

வேலையின் பெயர்

எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியது நான். வேலை கிடைத்தது ரொறன்ரோவின் பார்க்டேலில், ஒரு லோண்டரிக்கு மேலே இரண்டு அறைகளில் இயங்கும் சின்னப் படக் கொம்பனியில். பூர்வகுடி மக்கள் தங்கள் கதைகளைத் தாங்களே எடுக்கும் இடம். இயக்குநர் டானா, அனிஷினாபே என்ற பூர்வகுடியைச் சேர்ந்த பெண். நான் தற்காலிக உதவி எடிட்டர். வடக்கே ஓர் ஏரியில் மீன்பிடிக்கும் ரோஸ் என்ற அனிஷினாபே பெண்ணைப் பற்றிய படம் முடிந்து வெளியே போனால், வேலை நிரந்தரம் என்று டானா சொல்லியிருந்தார்.

இதையெல்லாம் பொறுமையாகக் கேட்ட அம்மா சொன்னார்: "எங்கட கதையை எடுக்கவே ஆளில்லாமல் கிடக்கு. நீ அவையின்ர கதைக்கு வெளிக்கிட்டிட்டாய்."

புகையிலை

ஒருவரிடம் கதை கேட்கப் போகும்போது புகையிலை கொடுத்துக் கேட்பது டானாவின் மக்களுடைய வழக்கம். அவர் அதை வாங்கிக்கொண்டால் சம்மதம். ரோஸிடம் போகுமுன் ஒரு பக்கெட் வாங்கிவர டானா என்னை அனுப்பினார். நான் புத்தியில்லாமல் எங்கள் ஆட்கள் நிறைந்த அஜின்கோர்ட்டில், அப்பாவைத் தெரிந்த அங்கிளின் கடையில் வாங்கினேன். நான் பஸ்ஸை விட்டு இறங்குமுன், மகள் புகைபிடிக்கத் தொடங்கிவிட்டாள் என்ற செய்தி வீட்டுக்குப் போய்விட்டது.

வாசலில் நின்ற அம்மாவிடம், நாங்கள் வெற்றிலை வைத்துக் கலியாணத்துக்குச் சொல்வதுபோலத்தான் இதுவும் என்றேன். கோபம் போய்விட்டது, ஆனால் சந்தேகம் போகவில்லை.

"அப்ப, பாக்கு வைக்கிறேல்லையோ?"

முதல் வெட்டு

எங்கள் கொம்பனியில் ஒரு விதி உண்டு: படத்தில் இருப்பவர்தான் அதை முதலில் பார்ப்பார். அவர் வேண்டாம் என்றால் படம் வெளியே போகாது. டானா என்னை நம்பி முதல் வெட்டை, அதாவது முதல் எடிட்டை, என்னிடம் தந்தார். நான் பயந்து பயந்து, மிகவும் மரியாதையாகச் செய்தேன். ரோஸ் வலையோடு பேசுவது, படகில் டானாவைப் பகிடி பண்ணுவது எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிட்டேன். ஏரியைப் பார்த்துக்கொண்டு நிற்கும் காட்சிகளை வைத்து, கீழே செலோ என்ற பெரிய வயலினை அழவிட்டேன்.

ரோஸ் ரொறன்ரோவுக்கு வந்து, கையைக் கட்டிக்கொண்டு முழுவதையும் பார்த்தார். இசை நின்றது. அவர் ஆங்கிலத்தில் கேட்டதை எங்கட தமிழில் சொன்னால் இப்படி:

"நல்ல படம். இந்த மனுசி எப்ப செத்தவா?"

ஏன் வெட்டினாய்?

இந்தப் படம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ரோஸ் தேத்தண்ணி குடிக்கப் போனார். டானா ஏசவில்லை. பகிடிகளை ஏன் வெட்டினாய் என்று மட்டும் கேட்டார். மரியாதை என்று நினைத்தேன் என்றேன். அதுதான் உண்மை.

சொல்லும்போதே வெட்கமாக இருந்தது. ஈழத்தமிழரான எங்களைப் பற்றி எடுத்த படங்களிலும் அகதி என்ற சொல் வந்தவுடன் வயலின் தொடங்கிவிடும். எங்கள் வீட்டில் அந்த இடத்தில் எல்லோரும் எழும்பிப் போய்விடுவோம். அதையே நான் ரோஸுக்குச் செய்திருந்தேன்.

டானா சொன்னார்: "நீ எங்களுக்காக முந்திக்கொண்டு அழுதிட்டாய்."

இரண்டாம் வெட்டு

செலோவைத் தூக்கினேன். வெட்டிய பகிடிகளையெல்லாம் திரும்பப் போட்டேன். மீன் ஒன்று தப்பியதற்கு டானாவின் சப்பாத்துத்தான் காரணம் என்று ரோஸ் ஏசுவதைப் போட்டேன். படப்பிடிப்பில் வேறு ஆளில்லாமல் நானே படகில் ஏறி, பயத்தில் ஒன்றுக்குமேல் ஒன்றாக இரண்டு லைஃப் ஜாக்கெட் போட்டு மைக் பிடிப்பதையும், "உவள் ஏரியில பறக்கப்போறாள்" என்று அவர் சிரிப்பதையும்கூட விட்டுவைத்தேன்.

ரோஸ் மறுபடி வந்தார். அந்த லைஃப் ஜாக்கெட் இடம் வந்ததும் மேசையில் தட்டிச் சிரித்து, இன்னொருக்காப் போடச் சொன்னார். போட்டேன். முடிந்ததும் எழும்பித் தன் கோட்டைப் போட்டார்.

"ஓம், இது நான்தான். அனுப்புங்கோ. ஆனால் தப்பின மீன் இதைவிடப் பெரிசு எண்டு எங்கையாவது எழுதிவிடுங்கோ."

வேலை நிரந்தரமாகிவிட்டது. ஆனாலும் எடிட்டிங்கில் நான் இதுவரை உறுதியாகக் கற்றது, ஆள் உயிரோடு இருக்கும்போது இசையைக் குறைத்துவைக்க வேண்டும் என்பது மட்டும்தான்.