பொட்டு வைத்த குட்டிகள்

எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், பஸ்ஸில் ஊர்ப் பேர் படிப்பேன். அதற்கு மேல் படிப்பு இல்லை. ஆனால் என் கொட்டிலில் எந்தப் பன்றி எந்தத் தாய்க்குப் பிறந்தது என்று காதைத் தடவியே சொல்லிவிடுவேன். பிறந்த மறுநாள் இடுக்கியால் குட்டியின் காதோரத்தைச் சின்னதாக வெட்டி எடுப்போம். வலது காது வெட்டு தாயைச் சொல்லும். இடது காது வெட்டு, அது எத்தனாவது குட்டி என்று சொல்லும். அத்தனையும் வெள்ளைப் பன்றிகள். வெட்டு இல்லாவிட்டால் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் தெரியாது.

போன ஆடியில் என் கிழட்டுத் தாய்ப்பன்றி ஈன்றது. கொட்டிலிலேயே நல்ல வர்க்கம் அதுதான். இனி அது சினை பிடிக்காது. அதன் இடத்துக்கு இந்த ஈற்றுப் பெட்டை ஒன்றை நிறுத்திவிட வேண்டும் என்றிருந்தேன். அதே நாளில் பக்கத்து அறையில் இன்னொரு பன்றியும் ஈன்றது. இரண்டும் வெளி ஆண் பன்றிக்குச் சினையானவை. இனிமேல் சேர்க்க நாங்கள் வளர்த்துவரும் ஆண் பன்றி, அந்த இன்னொன்றின் முந்தைய ஈற்று மகன். அதன் பெட்டைகளை இனத்துக்கு வைத்தால் அண்ணன் தங்கையைச் சேர்த்தது போல் ஆகும், குட்டி விளங்காது.

மறுநாள் எழுமலையில் சொந்தத்தில் ஒரு சாவு. போகாமல் இருக்க முடியாது. அங்கே இருக்கும்போது தம்பி போன் செய்தான்.

"அக்கா, கெழவிக்குப் பால் எறங்கல. குட்டியெல்லாம் கத்துது."

"மத்ததுகிட்ட விடு. மொதல்ல காத வெட்டிட்டு விடு. கலந்துச்சுன்னா போச்சு."

"நீ வா, நான் பாத்துக்கிறேன்."

பஸ் மாறி சமயநல்லூரில் இறங்கி நடந்து வந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. சாவு வீட்டுக்குப் போன உடம்பு. தலைக்கு ஊற்றிக்கொண்டு கொட்டிலுக்குப் போனேன். குட்டிகள் ஒரே குவியலாகக் கிடந்தன. ஒரு காதிலும் வெட்டு இல்லை. எல்லாவற்றின் மேலும் சிவப்புச் சிவப்பாக ஏதோ அப்பியிருந்தது.

"என்னடா இது?"

"இன்னிக்கி அட்டமிக்கா. காதுல இரும்பு வைக்கலாமா? அதான் கெழவி குட்டிகளுக்கு மட்டும் குங்குமம் வச்சு விட்டேன்."

என் மருமகள் அவன் பெற்ற மகள்தான். கொட்டிலைக் கழுவிக்கொண்டிருந்தவள் குழாயை மூடிவிட்டுச் சிரித்தாள். "ஏப்பா, மடியில உக்கார வச்சு மொட்டையும் போட்டிருக்கலாம்ல? தாய்மாமன் சீரு எங்கன்னு கேக்குதுக பாரு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பால் குடிக்க ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் புரண்டதில் எல்லாவற்றுக்கும் பொட்டு வந்துவிட்டது. சுவரில் சாய்ந்து நின்றேன்.

தம்பி கொழுத்த பெட்டை ஒன்றைத் தூக்கி நீட்டினான். "இது கெழவி சாயல்தான்க்கா. இதையே வச்சுக்க. யாருக்குத் தெரியப்போகுது?"

"தெரியாதத தெரியும்னு காதுல வெட்டச் சொல்றியா? என் கையால அது நடக்காது. இடுக்கிய எடு."

வலது காதை விட்டுவிட்டு இடது காதில் மட்டும் வெட்டினேன். ஊசி போடவும் எடை பார்க்கவும் அது போதும். அட்டமி என்று பார்க்காமல் அவன் ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுத்தான்.

வளர்ந்ததும் வியாபாரி வண்டி கொண்டுவந்தார். "நல்ல பெட்டையா இருக்கேம்மா, ஒண்ண நிறுத்தலாம்ல?"

"ஏத்துங்க" என்றேன்.

கிழவியையும் பிறகு அனுப்பியாயிற்று. வெளியிலிருந்து ஒரு பெட்டை வாங்கலாம் என்கிறாள் மருமகள். சரி என்றுதான் சொல்லியிருக்கிறேன். போய்ப் பார்த்து வர உடம்பு எழ மாட்டேன் என்கிறது.