கிட்டத்தில் உடைந்த சன்னம்: மொன்றியலில் இருந்து ஒரு மான் வேட்டை

போன வருசம் நவம்பர் தொடக்கத்தில், ஒரு சனி ஞாயிறு, கியூபெக்கின் மேற்கே ஊத்தவே பக்கம் மான் வேட்டைக்குப் போய் வந்தோம். நான் வேட்டைச் சான்றிதழ் எடுத்த கதையை இங்கே எழுதியபோது, "எந்த ரவை வாங்குவது?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். அப்போது எனக்குப் பதில் தெரியாது. இப்போது கொஞ்சம் தெரியும். தெரிந்துகொண்ட விதம் அவ்வளவு சந்தோசமானதில்லை.

போனது இரண்டு பேர். நான் மொன்றியலின் மேற்குப் பக்கம், கர்க்லாண்டில் இருக்கிறேன், சென்ட் லோரன்டில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் வேலை. மற்றவர் என் அக்காவின் கணவர், எனக்கு அத்தான். டவுன்டவுனில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்கிறார். அவருக்கு அது மூன்றாவது வேட்டை, எனக்கு முதலாவது. என்னோடு வேலை செய்யும் ஒருவரின் குடும்பக் காடு அங்கே இருக்கிறது. அவர்தான் அதில் வேட்டையாட விட்டார்.

சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிபோல கிளம்பினோம். லவாலைத் தாண்டி வடக்கே போய், பிறகு 50ஆம் நெடுஞ்சாலையில் மேற்கே. எங்கள் வீட்டிலிருந்து சுமார் 150 கிலோமீற்றர், இரண்டு மணித்தியாலம் பிடிக்கும். கடைசிப் பத்துக் கிலோமீற்றர் கல் ரோட்டு, குளிர்கால ரயர் போட்டுக்கொண்டு போவது நல்லது.

வழியெல்லாம் ரவைக் கதைதான். தெரியாதவர்களுக்கு: ரவை என்பது முழுத் தோட்டா. அதன் நுனியில் இருந்து பறந்து போய் மானில் படுவதுதான் சன்னம். அத்தானுடையது 300 மக்னம் என்ற, வெடிமருந்து கூடப் போகும் ரகத் துப்பாக்கி. அதற்கு 150 கிரெய்ன், அதாவது பத்துக் கிராம் அளவு பாரமுள்ள, ஈயத்தின் மேல் மெல்லிய செம்புத் தோல் போர்த்த சன்னம் வாங்கியிருந்தார். குழாயை விட்டு வரும்போது நொடிக்கு ஏறக்குறைய ஆயிரம் மீற்றர் வேகம். என்னுடையது சாதாரண 308. சன்னம் 180 கிரெய்ன், ஈயமும் செம்பும் ஒன்றோடொன்று ஒட்ட வைத்தது. வேகம் நொடிக்கு எண்ணூறு மீற்றர் வரும்.

"மச்சாள், நீர் மாட்டு வண்டியில போறீர்," என்று சிரித்தார் அத்தான். "வேகம் கூடினால் அடி கூடும். மான் நிண்ட இடத்திலேயே விழும்."

"கடைக்காரன் இதைத்தான் தந்தவன் அத்தான்," என்றேன்.

இரவு அங்கேயே தங்கி, ஞாயிறு விடிய, செம்மஞ்சள் அங்கியோடு மரப்பலகை மறைவிடத்துக்குள் இருந்தோம். சுற்றிவர அடர்ந்த காடு. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஐம்பது மீற்றருக்கு மேல் கண் போகாது. இதை முதல் நாளே நடந்து பார்த்திருக்கவேண்டும். இருட்டப் போகிறது என்று விட்டுவிட்டோம்.

ஒன்பது மணிபோல ஒரு ஆண் மான் வந்தது. சத்தமே இல்லை. பார்த்தபோது முப்பது மீற்றரில், நெஞ்சும் ஒரு தோளும் எங்கள் பக்கம் இருக்க, கொஞ்சம் திரும்பி நின்றது. அத்தான் சுட்டார். மான் முன்னங்கால் மடங்கி விழுந்தது. அவர் என் பக்கம் திரும்புவதற்குள் எழும்பி, மூன்று காலில் ஓடி மறைந்துவிட்டது.

அது நின்ற இடத்தில் மயிரும் எலும்புச் சில்லுகளும் கிடந்தன. இரத்தம் கொஞ்சம். நூறு மீற்றர் வரை இலைகளில் துளித்துளியாய்ப் பார்த்துக்கொண்டு போனோம். பிறகு ஒரு துளியும் இல்லை. அத்தான் முழங்காலில் நின்றபடி இலைகளைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"தோளிலதான் பட்டது. நான் கண்டனான். எப்பிடி ஓடும்?"

எனக்கும் விளங்கவில்லை. இனியும் துரத்தினால் அது இன்னும் தூரம் ஓடும் என்று வகுப்பில் சொல்லித் தந்தது மட்டும் நினைவிருந்தது. திரும்பி ரோட்டுக்கு ஏறி, தொலைபேசி வேலை செய்யும் இடத்தில் நின்று காட்டின் சொந்தக்காரரை அழைத்தேன். காயப்பட்ட மானை மணம் பிடித்துத் தேடும் நாய் வைத்திருக்கும் சில்வி என்ற பெண்ணின் இலக்கத்தைத் தந்தார். அவரை அழைத்தபோது, மத்தியானத்துக்குப் பிறகுதான் வரமுடியும், அதுவரை காட்டுக்குள் போகாதீர்கள் என்றார் சில்வி.

இங்கேதான் சிக்கல். அத்தானுக்கு அன்று பின்னேரம் வேலை. பன்னிரண்டு மணிக்குக் கிளம்பினால்தான் சரி. காருக்குள் இருந்து கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"விட்டிட்டுப் போனால் என்ன நடக்கும்?" என்று கேட்டார்.

"இரண்டு மூண்டு நாள் கிடந்து சாகும். இல்லாட்டி நரி பிடிக்கும்."

பிறகு இறங்கிப் போய் முதலாளிக்கு அழைத்தார். மறுபக்கத்துச் சத்தம் எனக்கே கேட்டது. "ஓம், தெரியும். ஆனால் இண்டைக்கு வரமாட்டன்," என்பதை ஆங்கிலத்தில் மூன்று தடவை சொல்லிவிட்டு வைத்தார்.

சில்வி கொண்டுவந்த நாயைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. கட்டைக்கால், நீண்ட உடம்பு, முழங்கால் உயரம்கூட இல்லை. ஆனால் மூக்கை நிலத்தில் வைத்த பிறகு அது எங்களைத் திரும்பியே பார்க்கவில்லை. நீண்ட வாரைப் பிடித்தபடி சில்வி முன்னால், நாங்கள் பின்னால். ஒரு ஓடையைக் கடந்து, சதுப்பைச் சுற்றி, முக்கால் மணித்தியாலம் நடந்தோம். ஒரு சிடார்ப் பற்றைக்கு முன்னால் நாய் நின்று உறுமியது. இருபது மீற்றரில் மான் படுத்திருந்தது. தலை நிமிர்ந்துதான் இருந்தது. எழும்பப் பார்த்தது, முடியவில்லை.

ஒருவர் மட்டும் துப்பாக்கியில் ரவை போடுங்கள் என்று சில்வி பிரெஞ்சில் மெதுவாகச் சொன்னார். நான் அத்தானைப் பார்த்தேன். அவருடைய மான் அது.

"நீர் சுடும் மச்சாள்," என்றார். "என்ரை சன்னம் கிட்டத்தில உடையுது போல. இன்னொருக்கா அதுக்கு நோகக்கூடாது."

முன்னங்காலுக்குப் பின்னால் குறிவைத்துச் சுட்டேன். தலை மெல்ல இலைகளில் சாய்ந்தது. அத்தான் பக்கத்தில் போய்க் குந்தி, அதன் கழுத்தில் கையை வைத்தபடி கனநேரம் இருந்தார்.

தோலை உரித்தபோது எல்லாம் விளங்கியது. அத்தானின் சன்னம் அவ்வளவு வேகத்தில் தோள் எலும்பில் மோதி, தூள்தூளாகிவிட்டது. இறைச்சி விரித்த கை அகலத்துக்குக் கறுத்துச் சிதைந்திருந்தது. நுரையீரலில் ஒரு கீறல்கூட இல்லை. வெளியேறிய துவாரமும் இல்லை, அதனால்தான் இரத்தத் தடம் கிடைக்கவில்லை. என் சன்னம் இரண்டு நுரையீரலையும் ஊடுருவி மறுபக்கம் போயிருந்தது. ஈயத் துகள் இருக்கும் என்று முதலில் அடிபட்ட தோளை முழுதாக ஒதுக்கச் சொன்னார் சில்வி. பிள்ளைகள் சாப்பிடும் இறைச்சி, நாங்களும் யோசிக்காமல் ஒதுக்கினோம்.

அத்தானின் சன்னம் கூடாதது என்று நான் சொல்லவரவில்லை. திறந்த வெளியில் இருநூறு மீற்றரில் வேகம் தணிந்து வந்திருந்தால், விலா எலும்பில் பட்டிருந்தால், அது தன் வேலையைச் செய்திருக்கும். ஈயமே இல்லாத முழுச் செம்புச் சன்னங்களும் கடையில் உண்டு, அவற்றுக்குச் சிக்கல் மற்றப் பக்கம்: அவை உடையாது, ஆனால் தூரம் போய் வேகம் குறைந்தால் நுனி மலர்ந்து விரியாமல் ஊசிபோலத் துளைத்துப் போய்விடும். ஆகவே முதலில் இடத்தை நடந்து பாருங்கள், எவ்வளவு தூரத்தில் மான் தெரியும் என்று அளந்து பாருங்கள், பிறகு ரவை வாங்குங்கள். ரவைப் பெட்டியில் பெரிதாக எழுதியிருக்கும் வேகம் குழாய் வாயில் உள்ளது. மானில் படும் இடத்தில் எவ்வளவு என்பதைத்தான் பார்க்கவேண்டும். எந்தச் சன்னமானாலும், எங்களை நோக்கி நிற்கும் மான் பக்கவாட்டில் திரும்பும் வரை பொறுப்பது நல்லது.

தேடும் நாய்க்காரர் ஒருவரின் இலக்கத்தைக் கிளம்ப முன்பே எடுத்து வையுங்கள். சுட்ட மானைச் சட்டப்படி பதிவதற்கு வழியில் உள்ள டெப்பனர், அதாவது மூலைக்கடை, எது என்றும் கேட்டு வையுங்கள், நாங்கள் இரண்டு கடை ஏறி இறங்கினோம்.

இந்த நவம்பரும் போகிறோம். அத்தான் புது ரவை வாங்கிவிட்டார், பாரமானது, வேகம் குறைந்தது. திங்கட்கிழமைக்கும் சேர்த்து இப்போதே லீவு கேட்டுவிட்டார்.

"சுடுறதுக்கு ஒரு நாள் காணும் அத்தான், எதுக்கு மற்ற நாள்?" என்று கேட்டேன்.

"தேடுறதுக்கு," என்றார்.