மூன்று எண்ணுமுன் எறிந்துவிடு

இந்த வாரம் எனக்குக் குரல் இல்லை. திங்கட்கிழமை அல்ஜீப்ரா வகுப்பை வாயே திறக்காமல், சோக்கட்டியாலேயே நடத்தி முடித்தேன். பிள்ளைகளுக்கு அப்படியொரு சந்தோஷம்!

போன ஞாயிறு மோர்டனில் ஒரு மைதானத்தில் கத்திய கத்தல் அது. தொண்டை போனது பெரிய விஷயமில்லை. ஒரு கத்தலால் மட்ச்சே போனது... அதுதான் இன்னும் மனதைப் போட்டு அரிக்கிறது.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும் — நான் சட்டனில் ஒரு ஸ்கூலில் கணக்கு வாத்தி. தெரியாத விஷயம், இரண்டு வருஷமாக அங்கே அமெரிக்கன் புட்பால் கோச்சும் நான்தான். சிரிக்காதீர்கள்! டிவியில் அந்த ஆட்டத்தைக் காட்டத் தொடங்கியதும் பொடியன்களுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. பொறுப்பெடுக்க ஒரு ஆசிரியர் வேண்டுமாம். ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் தேத்தண்ணிக் கோப்பைக்குள் எதையோ தேடினார்கள். நான் மட்டும் தலையை நிமிர்த்தியிருந்தேன். மாட்டிக்கொண்டேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஒருவன் பின்னால் நின்று பந்தை வாங்கி, முன்னால் ஓடுகிற தன் ஆளுக்கு எறிய வேண்டும். அவன் எறிவதற்கு முன் எதிராளிகள் பாய்ந்து அவனை விழுத்தப் பார்ப்பார்கள். அவனைக் காக்க ஐந்து பேர் மதில்போல முன்னால் நிற்பார்கள். எங்கள் ஐந்து பேரும் மதில் இல்லை, வேலி. அதுவும் கறையான் அரித்த வேலி!

எங்கள் டீமில் எறிகிறவன் சுதன். பதினாறு வயது, ஒல்லி. ஹெல்மெட்டையும் தோள் கவசத்தையும் கழற்றினால் ஆளைத் தேட வேண்டும்.

சுதனின் அம்மா நோர்பரியில் ஒரு லோண்டரியில் ஷிப்ட் வேலை செய்கிறார். யாழ்ப்பாணத்திலிருந்து இவனை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர். மூத்தவனை அங்கேயே பறிகொடுத்தவர். எப்படி என்று நான் கேட்கவில்லை. அனுமதிக் கடிதத்தோடு வீட்டுக்குப் போய், இந்த ஆட்டத்தில் அடிபடக்கூடும் என்று விளக்கத் தொடங்கினேன். நான் பாதி சொல்லுமுன்பே அவர் கையெழுத்து வைத்துவிட்டார்.

"ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ, தங்கச்சி."

"என்னத்துக்கு மாஸ்டர்? நீங்கள் கொண்டு வந்தால் சரிதானே. இனி அவன் உங்கடை பிள்ளை."

நம்மவர்களின் வழக்கம் இது. மாஸ்டர் சொன்னால் மறுபேச்சில்லை. ஒரு வெள்ளைக்காரத் தாய் என்றால் பத்துக் கேள்வி கேட்டிருப்பாள். நானும் பாரத்தில் பாதியை அவளிடம் இறக்கியிருப்பேன். இவரோ முழுவதையும் என் தலையில் ஏற்றிவிட்டு, தேத்தண்ணி போடப் போய்விட்டார். அன்றைக்குப் பிடித்த பயம்... இவனுக்கு ஏதும் நடந்தால், அந்த மனுசியின் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்?

ஆகவே ஒரு திட்டம் போட்டேன். தூர எறிகிற வேலையே வேண்டாம். பந்து கைக்கு வந்ததா? ஒண்டு, ரெண்டு — மூண்டு எண்ண முன்னம், கிட்ட நிற்கிறவனுக்கு எறிந்துவிடு. கார் பார்க்கில் விசிலும் கையுமாக மாதக்கணக்கில் பழக்கினேன். கடைசியில் நான் "எறி" என்று வாயைத் திறந்தாலே, பந்து அவன் கையை விட்டுப் போய்விடும்.

வென்றோமே! மலைமாடு மாதிரிப் பொடியன்கள் உள்ள டீம்களையெல்லாம் வென்றோம். எதிர் டீம் கோச் ஒருவர் வந்து கைகொடுத்து, இந்த வேகப் பாஸ் யோசனை எங்கே பிடித்தது என்று கேட்டார். நான் பெரிய மேதைபோலச் சிரித்து வைத்தேன். உங்களிடம் உண்மையைச் சொல்கிறேன். அது யோசனையே இல்லை, வெறும் பயம். மற்றவன் வந்து முட்டும்போது சுதனின் கையில் பந்து இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

போன ஞாயிறு சீசனின் கடைசி மட்ச். சுதனின் அம்மா முதல் தடவையாகப் பார்க்க வந்திருந்தார். காலை ஷிப்ட் முடித்து நேரே வந்தவர், கோட்டைக்கூடக் கழற்றாமல் என் பக்கத்தில் வந்து நின்றார்.

முடிய ஐந்து நிமிஷம்தான் இருந்தது. இரண்டு பக்கமும் சமபுள்ளி. பந்து சுதனின் கைக்கு வந்தது. ஒன்று... இரண்டு... மூன்றும் போய்விட்டது, இவன் எறியவில்லை! எங்கேயோ தூரத்தில் பார்த்துக்கொண்டு நிற்கிறான். இடப்பக்கத்தால் ஒரு தடியன் வேலியைப் பிரித்துக்கொண்டு வருகிறான்.

"எறியடா சுதன்! எறி!"

எறிந்தான். அந்தக் கணமே, பார்க்காமல்கூட எறிந்தான். பந்து போய் விழுந்தது எதிராளியின் கையில். அவன் மறுமுனைவரை ஓடியே போய்விட்டான். அவர்களுக்கு ஆறு புள்ளி; பிறகு கம்பத்துக்கு நடுவே பந்தை உதைத்து இன்னொன்று, ஏழு.

சுதன் தலையைக் குனிந்துகொண்டு வந்தான்.

"எங்கடை டேரன் பின்னாலை தனிய ஓடிக்கொண்டு நிண்டவன், சேர். இன்னுமொரு செக்கன் இருந்திருந்தால்..."

"கண்டனி எண்டால் ஏனடா எறிஞ்சனி?"

"நீங்கள் சொன்னனீங்கள்தானே, சேர்."

நாங்கள் எல்லோரும் வீட்டில் இதைத்தானே செய்கிறோம்! இருட்ட முன்னம் வா. ஆரோடும் வாயாடாதே. டாக்டருக்குப் படி, இல்லையென்றால் அக்கவுண்டன்ட். பயம் எங்களுடையது. அதற்குப் புத்திமதி என்று பெயர் வைத்துப் பிள்ளைகளின் கையில் கொடுத்துவிடுகிறோம். அதுகளும் கேட்டு நடக்குதுகள்... பாவங்கள்.

கடைசி ஒரு நிமிஷம். பந்து மறுபடி எங்களிடம். மைதானத்துக்குள் இறங்கப் போன சுதன் திரும்பி வந்தான். முகத்தைப் பார்க்காமல் மெல்லச் சொன்னான்.

"சேர்... ப்ளீஸ், இந்த முறை கத்தாதேங்கோ."

இத்தனை வருஷ வாத்தி வேலையில், என்னை வாயை மூடச் சொன்ன முதல் தமிழ்ப் பிள்ளை! கோபம் வரவேண்டும் அல்லவா? வரவில்லை. "சரி, போ" என்றேன்.

பந்து அவன் கைக்கு வந்தது. ஒன்று. இரண்டு. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன். மூன்று. அதே தடியன் வருகிறான். நான்கு! கடவுளே... அதற்குமேல் என்னால் முடியவில்லை. கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டேன்.

கவசம் கவசத்தில் மோதுகிற சத்தம் கேட்டது. பக்கத்தில் அந்த அம்மா "ஐயோ!" என்றார். பிறகு ஒரே கூச்சல். யாரோ என் தோளைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் கண்ணைத் திறந்தேன். மறுமுனையில் டேரன் பந்தைக் கட்டிப்பிடித்தபடி கிடக்கிறான், அவன்மேல் எங்கள் டீமே கிடக்கிறது. சுதனும் அதற்குள்தான் எங்கேயோ.

ஆறு புள்ளி கிடைத்தது. ஏழாவது புள்ளிக்கு உதைத்த பந்து கம்பத்துக்கு வெளியே போனது. ஒரு புள்ளியால் தோற்றோம். யாருடைய பிழை என்று நீங்கள் சொல்லத் தேவையில்லை.

ஆட்டம் முடிந்ததும் அந்த அம்மாவிடம் போனேன். இனி மகனை அனுப்ப மாட்டேன் என்றால் தலையை ஆட்டிவிட்டு வருவது என்று தீர்மானித்திருந்தேன்.

"பயந்து போனீங்களோ, தங்கச்சி?"

"பயந்தனான்தான் மாஸ்டர். அவன் விழேக்கை நெஞ்சே நிண்டுபோச்சு." கோட்டுக் கையால் கண்ணைத் துடைத்தார். "ஆனால் எழும்பினவன் எல்லோ! வாயிலை இருந்த மண்ணைத் துப்பிப்போட்டு ஒரு சிரிப்புச் சிரிச்சான். இந்த நாட்டுக்கு வந்து அவன் அப்பிடிச் சிரிச்சு நான் காணேல்லை. நீங்களும் பாத்தனீங்கள்தானே, மாஸ்டர்?"

"ஓம் தங்கச்சி, பாத்தனான்" என்றேன்.

அதையும் அப்படியே நம்பிவிட்டார்.