பத்து நாள் பொறுங்க அக்கா

பூச்சி சாருக்கு இருபத்திரண்டு வருட சர்வீஸ். வேளாண் விரிவாக்க அலுவலர் என்று அறைக் கதவில் எழுதியிருக்கும். கதவு எப்போதும் திறந்தே கிடப்பதால் அதைப் படித்தவர்கள் குறைவு. வயல் வயலாகப் போய், லென்ஸை வைத்து இலைக்கு எத்தனை பூச்சி என்று எண்ணுவதும், "அவசரப்பட்டு மருந்து அடிக்காதீங்க" என்று சொல்வதும்தான் வேலை. கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டிவிட்டு நேரே மருந்துக் கடைக்குப் போவார்கள். கடை அவருடைய தங்கை புருஷனுடையது.

வீட்டிலும் பெரிய மரியாதை இல்லை. ஃபிரிட்ஜில் எந்த டப்பாவையும் திறப்பதற்கு முன், உள்ளே அவர் பிடித்து வைத்த பூச்சி இருக்குமோ என்று மனைவி காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பாள்.

அந்த வருடம் ஒரே ஒருத்தி அவர் பேச்சைக் கேட்டுத் தொலைத்தாள். அரை ஏக்கரில் தனி ஆளாக பீன்ஸ் போட்டிருந்தவள். கொழுந்தெல்லாம் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி கருப்பாக அப்பிக் கிடந்தது. பூச்சி சார் ஓர் இலையைத் திருப்பி, அடியில் மஞ்சளாக நின்ற முட்டைகளைக் காட்டினார்.

"பொறிவண்டு முட்டை அக்கா. பொரிஞ்சு வர்ற புழு அசுவினியை ஒரு கை பார்த்துடும். மருந்து அடிச்சா முதல்ல சாகிறது இதுதான். பத்து நாள் பொறுங்க."

"அதுக்குள்ள செடி போயிட்டா?"

"நான் பொறுப்பு."

"நீங்க மாசச் சம்பளக்காரர் சார். பொறுப்பு சொல்ல நாக்கு இருந்தா போதும். எனக்கு இந்த அரை ஏக்கர்தான் வருஷத்துச் சோறு."

அப்படிச் சொன்னவள்தான், மருந்து அடிக்க வந்த ஆளைத் திருப்பி அனுப்பினாள்.

ஆறாம் நாள் அசுவினி பிஞ்சு வரைக்கும் ஏறிவிட்டது. இலையைத் தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டியது. புழுக்கள் பொரிந்திருந்தன, ஆனால் எள் அளவு. ஏழாம் நாள் காலை பூச்சி சார் மருந்துக் கடைப் படியேறினார்.

"மாப்ளே, அசுவினிக்கு ஒரு பாட்டில் குடு."

தங்கை புருஷன் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "யாருக்கு மச்சான்?"

"வீட்டு ரோஜாச் செடிக்கு."

"அரை லிட்டர் பாட்டிலைப் பார்க்கிறீங்களே, வீட்டுல செடி வச்சிருக்கீங்களா, காடு வச்சிருக்கீங்களா?" பாட்டிலைத் தாளில் சுற்றினார். "உங்க கூட்டம் முடிஞ்சு வர்றவங்களும் இப்படித்தான் மச்சான். வாசலைப் பார்த்துக்கிட்டேதான் கேப்பாங்க."

வயலில் அவள் கொடிக்கடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"கையில என்ன சார்?"

"நிலைமை மீறிப் போச்சு அக்கா. லேசா ஒரு தடவை..."

"இன்னிக்கு ஏழாம் நாள்தானே ஆகுது. நேத்து இலைக்கு ரெண்டு புழு, இன்னிக்கு நாலு. மூஞ்சி முதலைக்குட்டி மாதிரி இருக்கு. ஆனா தின்னுறதைப் பாருங்க, மீட்டிங் முடிஞ்சு சாப்பிட உக்காந்த உங்க ஆபீஸ்காரங்க மாதிரி."

"நான் சொன்னது தப்பாப் போயிட்டா?"

"நீங்க சொன்னீங்கன்னு ஏழு நாளா வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். இப்ப நீங்களே பின்வாங்கினா எப்படி? கொஞ்சம் தள்ளுங்க, வெளிச்சத்தை மறைக்கிறீங்க."

பூச்சி சார் தள்ளினார். பாட்டில் வண்டிப் பெட்டிக்குள் போனது. அடுத்த மூன்று நாளும் விடிந்ததும் வந்து நின்றார். எண்ணிக்கையை அவள் சொல்ல, இவர் எழுதிக்கொண்டார்.

பத்தாம் நாள் கொழுந்து பச்சையாக நீண்டிருந்தது. அசுவினி இருந்த இடத்தில் வெறும் தோல்தான் ஒட்டிக் கிடந்தது. பூச்சி சார் லென்ஸை மடித்துப் பையில் போட்டார். இருபத்திரண்டு வருடத்தில் சொன்ன பேச்சு ஒரு வயலிலாவது பலித்துவிட்டது. ஏதாவது நல்லதாகச் சொல்ல வாயெடுத்தார்.

"சார், ஒரு சிக்கல்," என்றாள் அவள். "தின்ன ஒண்ணும் மிச்சமில்லை. புழு ஒண்ணை ஒண்ணு கடிச்சுத் தின்னுது. இதுக்கு உங்க புஸ்தகம் என்ன சொல்லுது?"

ஜெயித்த பிறகு என்ன செய்வதென்று அவருக்கு யாரும் பயிற்சி கொடுத்ததில்லை.

"மேட்டு வயல்காரர் தோட்டத்துல அசுவினி அப்பிக் கிடக்கு. பத்து நாளா நம்மளைப் பார்த்துச் சிரிச்ச மனுஷன்தான். அதுக்காக இதுங்க பட்டினி கிடக்கணுமா?" புழு இருந்த இலைகளை ஏற்கெனவே கிள்ளி ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டிருந்தாள். "மதியம் மருந்து அடிக்கப் போறாராம். அதுக்கு முன்னாடி போய் நிறுத்தணும், சீக்கிரம் வண்டியை எடுங்க."

பின்சீட்டில் ஏறி, வாளியை மடியில் வைத்து முந்தானையால் மூடிக்கொண்டாள். பூச்சி சார் வண்டியை முறுக்கினார்.

"பள்ளத்துல பார்த்து ஓட்டுங்க சார். உள்ள புள்ளைங்க இருக்கு."