ஹீட்டர் ஒழுகிய கார்

எங்கள் ஊரில் காருக்கு ஹீட்டர் எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பங்குனி வெயிலில் தார் ரோடே இளகிக் கிடக்கிறது. இதில் சூடான காற்று வேறு வாங்க வேண்டுமா? ஆனாலும் என் பழைய காரில் அது இருந்தது. நான் வாங்கிய நாளிலிருந்து ஒருமுறைகூடப் போட்டதில்லை. போடாத ஹீட்டர்தான் ஒழுகியது.

முதலில் வாடைதான் வந்தது. வெல்லப்பாகு அடிபிடித்த மாதிரி ஒரு தித்திப்பு வாடை. பிறகு முன்சீட்டுக்குக் கீழே மிதியடி ஈரமானது. எஞ்சினிலிருந்து ஹீட்டருக்குச் சுடுதண்ணீர் கொண்டுபோகும் ரப்பர் குழாய் வெடித்து, எஞ்சினைக் குளிர்விக்கும் பச்சைக் கூலன்ட் கசிந்துகொண்டிருந்தது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வாரம் ஒருமுறை தண்ணீர் ஊற்றி ஓட்டினேன்.

தாராபுரத்தில் கட்டிக்கொடுத்த மகள் பிள்ளை உண்டாகியிருந்தாள். ஒருநாள் அந்தக் காரில் ஏறி, தெருவைத் தாண்டுவதற்குள் இறங்கி வாந்தி எடுத்தாள். அந்த வாடை அவளுக்கு ஆகவில்லை. அதன்பிறகுதான் மாப்பிள்ளை போன் செய்தார்.

"மாமா, ஒம்பதாம் மாசம் கட்டுச்சோறு முடிஞ்சதும் நம்ம வண்டியிலயே புள்ளையக் கொண்டாந்து உட்டுர்றனுங்க. உங்களுக்கு எதுக்குங்க சிரமம்?"

அவர் மரியாதையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்று தைத்தது. கட்டுச்சோறு என்றால், பெண்ணைப் பெற்றவர்கள் விதவிதமாகச் சோறு கட்டிக்கொண்டு போய்ப் பரிமாறி, பேறுகாலத்துக்குப் பெண்ணைத் தங்கள் வீட்டுக்கு அழைத்து வருவது. அழைத்து வருவது பெற்றவன் வேலை. அவள் பிறந்தபோது மொபெட்டில் முன்னால் போய் வழிகாட்டி, பின்னால் ஆட்டோவில் அவளை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தவன் நான். இப்போது கார் வைத்துக்கொண்டு, மகளை இன்னொரு வண்டியில் வரவிட்டு வாசலில் நின்று வரவேற்கவா? "எம் புள்ளைய எங் கார்லதான் கூட்டிட்டு வருவேன்" என்று மாப்பிள்ளையிடம் சொல்லத் தைரியமில்லாமல் மனைவியிடம் கத்தினேன்.

"ஏனுங்க, கத்தறதுக்கு பதிலா அந்தக் கொழாய மாத்துங்க" என்றாள் அவள்.

நாளைத் தள்ளிக்கொண்டே போய், கடைசியில் நான் போனபோது மெக்கானிக் இரண்டு நாள் கழித்து வரச்சொன்னார். கட்டுச்சோறு மறுநாள் காலை. முப்பது வருஷம் பனியன் துணி பின்னும் நிட்டிங் மெஷினைப் பிரித்துப் பிரித்து மாட்டியவனுக்கு ஒரு ரப்பர் குழாய் பெரிய காரியமா? கடையில் புதுக் குழாய் வாங்கி வந்து நானே குனிந்தேன். பழைய குழாய் பாறையாக இறுகியிருந்தது. கத்தியால் கீறி எடுத்ததும், அது மாட்டியிருந்த இரண்டு இரும்புக் குழாய் வாயிலிருந்தும் பச்சைத் தண்ணீர் கொட்டியது. என் பனியன் யூனிட்டில் வெட்டி மிஞ்சிய பனியன் துண்டு கைவசம் இருந்தது. எங்கள் ஊரில் எண்ணெய் துடைக்க, ஒழுகலை அடைக்க, முகம் துடைக்க எல்லாவற்றுக்கும் பனியன் வேஸ்ட்தான். இரண்டு துண்டைச் சுருட்டி இரண்டு வாயிலும் அடைத்தேன்.

அந்த நேரம் பார்த்து, துணிக்குச் சாயம் போடும் டையிங்கிலிருந்து போன். துணி ஒரு நிறம், காலர் ஒரு நிறமாக வந்திருக்கிறதாம். கால் மணி நேரம் கத்தினேன். கத்திய வேகத்திலேயே வந்து புதுக் குழாயைச் சொருகி, கிளாம்பை முறுக்கி, கூலன்ட் ஊற்றினேன். தெருக்கோடி வரை ஓட்டிப் பார்த்தேன். சொட்டு ஒழுகல் இல்லை, வாடையும் இல்லை. மனைவியைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொன்னேன். அவளே ஒப்புக்கொண்டாள்.

மறுநாள் விடியலில் மனைவியும் சொந்தக்காரர்களும் சோற்று அண்டாக்களோடு வேனில் போனார்கள். நான் காரைக் கழுவித் துடைத்து, அரைமணி நேரம் பின்னால் கிளம்பினேன். வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம் பிறக்கும். அதற்குள் மகள் மாப்பிள்ளை வீட்டு வாசலைத் தாண்டிப் புறப்பட வேண்டும். நேரம் தாராளமாக இருந்தது.

அவிநாசிபாளையம் வருவதற்குள் சூடு காட்டும் முள் சிவப்பில் போய் நின்றது. ஓரங்கட்டினேன். ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றி, மறுபடி ஓட்டினேன். அவிநாசிபாளையத்தைத் தாண்டுவதற்குள் மறுபடி சிவப்பு. பக்கத்தில் ஒரு ஒர்க்ஷாப் பூட்டிக் கிடந்தது, ஒன்பதுக்குத்தான் திறப்பார்களாம். எனக்குக் கோபம் உச்சந்தலையில் ஏறிவிட்டது. குழாய் விற்ற கடைக்காரரைப் போனில் பிடித்தேன். "என்னய்யா டூப்ளிகேட்டத் தலையில கட்டியிருக்கீரு? எம் புள்ளையக் கூட்டிட்டு வரப் போறவன நடுரோட்டுல நிறுத்திட்டீரே!" பாவம், அந்த மனுஷன் ஒன்றும் புரியாமல் "இல்லீங்க, இல்லீங்க" என்றபடி கேட்டுக்கொண்டார்.

மனைவி போன் செய்தாள். "வண்டிய அங்கயே உட்டுப்போட்டு பஸ்ல வாங்க."

"வரமாட்டேன்" என்றேன். காரில்லாமல் நான் போய் என்ன பயன்?

ஒன்பதேகாலுக்கு ஒர்க்ஷாப்காரர் வந்தார். திருநெல்வேலிப் பக்கத்து ஆள். குழாயை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். "ஒண்ணு கொதிக்கி, ஒண்ணு பச்சத்தண்ணியா இருக்கு. இந்த வண்டியில ஹீட்டர் குழாய் வழியா தண்ணி சுத்துனாத்தான் ரேடியேட்டருக்குப் போற வால்வு தொறக்கும்" என்று சொல்லிக்கொண்டே நான் மாட்டிய குழாயைக் கழற்றினார். இடுக்கியை விட்டு இழுத்தார். மெரூன் நிறத்தில், நீளமாக, சொட்டச் சொட்ட ஒரு பனியன் துண்டு வந்தது.

"என்ன அண்ணாச்சி, குளுருதுன்னு எஞ்சினுக்கு பனியன் மாட்டி விட்டியளோ?"

இரண்டு அடைத்து ஒன்றைத்தான் எடுத்திருக்கிறேன். டையிங்காரனைத் திட்டிய வாயோடு வந்து இதை விட்டிருக்கிறேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்! அவர் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. அவமானத்தில் காது சுட்டது. கடைக்காரருக்குத் திரும்பப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். "அட உடுங்க, எங்கிட்ட வையாம யாருகிட்ட வைவீங்க" என்றார் அவர். அது இன்னும் சுட்டது.

கூலன்ட் ஊற்றி, உள்ளே மாட்டிய காற்றை வெளியேற்ற இன்னும் அரைமணி ஆகும் என்றார் ஒர்க்ஷாப்காரர். மணி பத்தாகியிருந்தது. மனைவி மறுபடி கூப்பிட்டாள்.

"எல்லாரும் சாப்பிட்டாச்சுங்க. மாப்பிள்ளை வண்டி வாசல்லயே நிக்குது. ஏறச் சொல்லட்டுங்களா?"

நிறைமாசப் பிள்ளையை என் வீம்புக்காக நல்ல நேரம் தவறவிட்டு உட்கார வைப்பதா?

"ஏறச் சொல்லு" என்றேன். சொல்லிவிட்டு ரோட்டைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். அன்றைக்கு எனக்கு வந்த துக்கத்துக்கு அளவில்லை.

பத்து இருபதுக்கு மகளே பேசினாள். "அப்பா, நான் வாசலத் தாண்டிட்டனுங்க."

"சரி கண்ணு, பாத்துப் பதனமாப் போ. பின்னாடியே வந்துர்றேன்."

"எங்க போறது? பக்கத்து ஊட்டுல உக்காந்திருக்கேன். பொறப்பாடு பத்தரைக்குள்ள ஆயிருச்சு. இனி நீங்க எப்ப வந்தாலும் சரிதானுங்க. வெரசா ஓட்டாதீங்க."

கார் தயாரானதும் கிளம்பினேன். சூடு காட்டும் முள் வழி நெடுக நடுவில் அசையாமல் நின்றது. நான் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றரை. கை நிறைய வளையலோடு பக்கத்து வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, கதவைத் திறந்து முன்சீட்டில் உட்கார்ந்தாள். நான் அவள் முகத்தையே பார்த்தேன். ஒன்றும் சுளிக்கவில்லை.

மாப்பிள்ளை அவள் பையை எங்கள் டிக்கியில் வைத்தார். "மாமா, நானும் பின்னாடியே வர்றனுங்க. வழியில வண்டி நின்னாப் புள்ளைய மாத்தி ஏத்திக்கலாம்" என்றார்.

மகள் கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, நீங்க முன்னாடியே போங்க. நின்னா நானும் எங்கப்பாவும் சேந்து நிக்கறோம்."

எனக்குக் கண் மறைத்தது. சாவியைப் போட ஒரு நிமிஷம் ஆனது.