நனைந்த சுங்குடிச் சேலை

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். பொய் சொல்லும் பிள்ளையை வெயிலில் முழங்கால் போட வைக்கும் அல்போன்சா டீச்சர் தம் வாயால் சொன்னது இது. ஒரு சொல்லும் கூட்டப்படவில்லை.

1959, சித்திரை மாதம். திண்டுக்கல் தெருக்குழாய்களில் காற்றுத்தான் வந்தது. டீச்சரின் கணவர் ராயப்பராஜ், கடற்படை லெப்டினன்ட். பணியிலிருந்து தற்காலிகமாக விலக்கப்பட்டு வீட்டில் இருந்தார். அயல்நாட்டுத் துறைமுகம் ஒன்றில், கலகம் செய்து தோற்ற ஏழு பேர் நீந்திவந்து கப்பலடியில் தத்தளித்தபோது, யாரையும் கேட்காமல் நூலேணியை இறக்கியவர் அவர். அந்த நாடு கொதித்தது. தன் தூதரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. எழுவரும் பம்பாயில் காவலில் இருந்தார்கள்.

அன்று நண்பகல். ராயப்பராஜ் செம்பட்டிக்குப் போயிருந்தார். மேலிடம் அனுப்பிய அதிகாரி ஒருவர் வந்து, முன்னறை நாற்காலியில் அமர்ந்து, தட்டச்சிட்ட தாளொன்றை மேசைமேல் வைத்தார்.

“அவங்க திருட்டுத்தனமா ஏறினாங்க, எனக்குத் தெரியாதுன்னு உங்க வீட்டுக்காரர் இதுல கையெழுத்துப் போட்டாப் போதும்மா. வேலை நிலைக்கும்.”

“அந்த ஏழு பேரு?”

“திருப்பி அனுப்பிடுவோம்.”

“அனுப்புனா?”

அதிகாரி விசிறியால் வீசிக்கொண்டார். “சுட்டுருவாங்க. அதுக்கு நாம என்ன செய்யறது?”

“தண்ணியில கெடந்தவன மறுபடியும் தண்ணியில தள்ளவா இம்புட்டுத் தூரம் ரயிலேறி வந்தீக? அவரு போட மாட்டாரு. போடுங்கன்னு நானும் சொல்ல மாட்டேன்.”

“வீம்பு பேசாதீங்க. பென்ஷனும் போயிடும். தெருவுல நிப்பீங்க.”

“நிக்கிறோம். எங்க தெருதான?”

அப்போது...

சொட்... சொட்...

வீட்டில் ஒரு குடம் தண்ணீர்கூட இல்லை.

அதிகாரியின் பார்வை டீச்சரின் தோளுக்குப் பின்னால் நிலைத்தது. “யாரும்மா அது? வேலைக்காரனா?”

டீச்சர் திரும்பினார். யாருமில்லை.

“சேலையப் போர்த்திக்கிட்டு நிக்கிறானே... சிவப்புச் சுங்குடி... முழுக்க நனைஞ்சு...”

அப்படியொரு சின்னாளப்பட்டிச் சேலை டீச்சரிடம் இருந்தது. கப்பலில் விரித்துப் படுக்கக் கணவர் கொண்டுபோனது. திரும்பி வரவில்லை.

சொட்... சொட்...

ஓசை நெருங்கியது.

“கைய எடு... எடுடா...” அதிகாரி எதையோ உதறினார்.

டீச்சர் ஓடவில்லை. வெறும் காற்றைப் பார்த்துச் சொன்னார்: “யாரா இருந்தாலும் இருந்துக்க அப்பு. இந்த வீட்டுல ஒன்னைய யாரும் வெளிய போகச் சொல்ல மாட்டாக.”

அதிகாரி செருப்பை விட்டுவிட்டு ஓடினார்.

மேசைமேல் தாள் கூழாகிக் கிடந்தது. விரலால் தொட்டு நாவில் வைத்தார் டீச்சர்.

உப்பு.

மாலையில் கணவர் வந்ததும் டீச்சர் ஒன்றே ஒன்று கேட்டார். “அந்தச் சேலை எங்க?”

ராயப்பராஜ் தம் மணிக்கட்டைத் தடவிக்கொண்டார்.

“ஏறினது ஏழு பேரில்ல அல்போன்சா. எட்டு. குண்டடி பட்டவன் ஒருத்தன், மேல வந்ததும் என் மணிக்கட்டப் பிடிச்சுக்கிட்டே செத்துப்போனான். வெளிய சொன்னா, பொணத்தையாவது குடுன்னு அந்த நாட்டுக்காரங்க கேப்பாங்க. அந்தச் சேலையில சுத்தித்தான்... கடல்ல எறக்கினேன்.”

அவருடைய வேலை போயிற்று. கையெழுத்து மட்டும் கடைசிவரை விழவில்லை. அது இல்லாமல் எழுவரையும் திருப்பி அனுப்ப முடியவில்லை, பிழைத்தார்கள்.

அந்த முன்னறையில் ஓரிடம் எந்தக் கோடையிலும் காய்வதில்லை.

டீச்சர் அதைத் துடைப்பதுமில்லை.