ராணி பிள்ளையைக் கேட்டபோது

நான் ஒரே ஒரு சாயங்காலம் ராஜாவாக இருந்திருக்கிறேன். காட்டில் வாழும் தேவதைகளுக்கு ராஜா. ராணியாக நின்றது என் மனைவி. அந்தக் கதையைப் பிள்ளைகளாகிய உங்களுக்குச் சொல்லலாம் என்று தோன்றியது.

எங்கள் கடற்கரை ஊரில் மாதா கோயிலைச் சுற்றி உள்ள சில தெருக்கள் சேர்ந்தது ஓர் அன்பியம். ஆண்டு விழாவுக்கு ஒவ்வொரு அன்பியமும் நாடகம் போட வேண்டும். எப்போதும் பைபிள் கதைதான் போடுவோம். அந்த வருடம் எங்கள் கோயிலின் கன்னியாஸ்திரி சிஸ்டர், சனங்கள் கொஞ்சம் சிரிக்கட்டும் என்று சொல்லி, கடலுக்கு அப்பால் எந்தக் காலத்திலோ எழுதின ஒரு சிரிப்பு நாடகத்தை எங்கள் பேச்சில் எழுதிக் கொண்டுவந்தார். புருஷன் பெண்டாட்டி சண்டை என்பதால் புருஷனும் பெண்டாட்டியுமே நடிக்கட்டும் என்று எங்களைப் பிடித்துப் போட்டார்.

கதை இதுதான். தேவதை ராணிக்கு ஒரு தோழி இருந்தாள். அவள் பிள்ளையைப் பெற்றுவிட்டு இறந்துபோனாள். ராணி அந்தப் பிள்ளையை வளர்க்கிறாள். ராஜா பிள்ளையைத் தன்னிடம் தரச் சொல்கிறான். அவள் மாட்டேன் என்கிறாள். இரண்டு பேருக்கும் பேச்சு நின்றுபோகிறது. அவர்கள் சண்டையால் மழை தப்பிப் பெய்து வயல் அழுகுகிறது. கடைசியில் ராஜா, தூங்குகிற ராணியின் கண்ணில் ஒரு பூவின் சாற்றை விடுகிறான். விழித்ததும் யாரைப் பார்க்கிறாளோ அவன்மேல் ஆசை வந்துவிடும். அவள் பார்ப்பதோ கழுதைத் தலையோடு நிற்கிற ஒருவனை. அந்த மயக்கத்தில் அவள் இருக்கும்போதே ராஜா பிள்ளையை வாங்கிக்கொள்கிறான். பிறகு மயக்கத்தைத் தெளியவைக்கிறான். ராணி சிரித்துக்கொண்டு அவனோடு ஆடப்போகிறாள்.

சிஸ்டர் இதை வாசித்தபோது எல்லோரும் கழுதைக்குச் சிரித்தார்கள். என் மனைவி சிரிக்கவில்லை.

எங்கள் வீட்டில் அப்போது நாலு வயதில் ஒரு பெண்பிள்ளை இருந்தாள். அவளைப் பெற்றவள் என் மனைவியின் கூட்டுக்காரி. இரண்டு பேரும் ஒன்றாகத் துறைமுகத்துக்குப் போய் மீன் எடுத்து விற்றவர்கள். பிள்ளை தவழ்கிற நேரத்தில் பெற்றவள் காய்ச்சலில் போய்விட்டாள். பிள்ளைக்கு என் மனைவிதான் ஞானத்தாய். கோயிலில் பிள்ளைக்குத் திருமுழுக்குக் கொடுத்த அன்று மெழுகுதிரி பிடித்து நின்றவள். எங்கள் கரையில் அது பெயருக்கு நிற்பது இல்லை. பெற்றவள் இல்லாவிட்டால் அந்த இடத்தில் நிற்க வேண்டியவள் ஞானத்தாய்தான். பிள்ளையின் அப்பன் மஸ்கட்டில் வேலை பார்த்தான். அங்கிருந்து உடுப்பும் மிட்டாயும் அனுப்புவான். பிறகு மறுகல்யாணம் செய்து கொட்டாரம் என்கிற ஊரில் வீடு எடுத்தான். விழாவுக்கு லீவில் வருகிறேன், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று போனில் சொன்னான்.

அப்பன் கேட்டால் கொடுக்கத்தானே வேண்டும் என்றேன். அன்றோடு என் மனைவி என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். சொல்ல வேண்டியதை எல்லாம் பிள்ளையிடம் சொல்லி அனுப்புவாள். பிள்ளையும் அடுக்களைக்கும் முன்னறைக்கும் ஓடி ஓடிச் சொல்வாள்.

"மாமா, சோறு வச்சிருக்காம். அம்மைக்கு ஒங்களப் பாக்கண்டாமாம்."

பின்பாதி அவளே சேர்த்தது என்று நினைத்துக்கொள்வேன்.

ஒத்திகையில் வேறொரு சிக்கல் வந்தது. ராணியைப் பிள்ளையின் ஞானத்தாய் என்றும் ராஜாவை அப்பன் என்றும் எல்லோரும் தாங்களாகவே முடிவு செய்துவிட்டார்கள். அப்படி இல்லை, இவர்கள் தேவதைகள், அவர்களுக்குள் அந்த உறவெல்லாம் கிடையாது என்று சிஸ்டர் சொல்லிப் பார்த்தார். கழுதையாக நடித்தவன் மீன் லோடு ஏற்றுகிறவன். அவன் கேட்டான்: "ஞானத்தாய் இல்லாம வேற ஆரு சிஸ்டர் மத்தவளுக்க பிள்ளைய இப்பிடிப் பிடிச்சு வச்சிருப்பா?"

அவனுக்குக் கழுதைத் தலையை மீன் அடைக்கிற தெர்மாகோல் பெட்டியில் செய்தோம். எத்தனை தடவை கழுவியும் வாடை போகவில்லை. ராணிக்குச் சிறகு பழைய வலையில். எல்லாம் சரியாக வந்தது, கடைசிக் காட்சி மட்டும் வரவில்லை. என் மனைவி ஆட எழும்பவே மாட்டாள்.

"ஒரு தூக்கம் தூங்கி எழும்பினா பிள்ளைய மறந்துபோவாளா சிஸ்டர்?" என்று மட்டும் கேட்டாள்.

சிரிப்பு நாடகம்தானே என்றார் சிஸ்டர். மேடையில் சரியாகிவிடும் என்று நானும் விட்டுவிட்டேன்.

விழா அன்று பிள்ளையின் அப்பன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். மடியில் ஒரு பெரிய பொம்மை. நாடகத்தில் பிள்ளையாக நின்றதும் அவன் மகள்தான். என் மனைவியின் இடுப்பில் அழாமல் இருக்க வேறு பிள்ளை இல்லை. கழுதையின் தலையைத் தடவும்போது வாடை தாங்காமல் ராணி மூக்கைச் சுளிக்க, சனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவில் நான் பிள்ளையின் கையைப் பிடித்துத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போனேன். அவள் திரும்பி, "அம்மை, இப்ப வாறேன்" என்றாள். சிரிப்பு கொஞ்சம் அடங்கியது.

மயக்கத்தில் தூங்கிப்போன ராணி விழித்தாள். வா, ஆடுவோம் என்று கையை நீட்டினேன். பாட்டும் போட்டுவிட்டார்கள். அவள் எழும்பவில்லை.

"பிள்ளை எங்க?"

இது எழுதினதில் இல்லை.

"எனக்க கூட்டுக்காரிக்க பிள்ளை எங்க? நான் தூங்குன நேரத்துல வாங்குனியளா?"

பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ, "கேளு மக்கா, நல்லா கேளு" என்றார்கள். மைக்செட்காரன் பாட்டை நிறுத்திவிட்டான். நான் தலையில் இருந்த அட்டைக் கிரீடத்தைச் சரிசெய்துகொண்டேன். முன்வரிசையில் இருந்தவன் பொம்மையைப் பார்த்துக் குனிந்திருந்தான்.

"தூங்குனப்ப வாங்குனது வாங்குனது ஆவாது," என்றேன். "இப்ப முழிச்சிருக்க. முகத்தப் பாத்து கேக்கேன். தருவியா?"

அவள் என்னைப் பார்த்தாள். பல நாளுக்குப் பிறகு அன்றுதான் நேராகப் பார்த்தாள். ஆனால் சொன்னது என்னிடம் அல்ல, முன்வரிசையில் இருந்தவனிடம்.

"கேட்டது செரி. பிள்ளைக்கு ஒங்கள அறியாதே. மொதல்ல அது ஒங்களுக்க கூட பழகட்டு. பெறவு அதுவே வரும்."

பிறகு எழும்பினாள். ஆடினோம். அவளுடைய வலைச் சிறகு என் கிரீடத்தில் மாட்டிக்கொண்டு வரவில்லை; அப்படியே இழுத்துக்கொண்டு ஆடினோம். சனங்கள் அதற்கும் சிரித்தார்கள்.

மறுநாள் காலையில் பிள்ளையின் அப்பன் வந்தான். பிள்ளையைக் கூட்டிப்போகப் பெட்டி எடுத்துவரவில்லை. லீவு முடிகிற வரைக்கும் தினமும் வந்து போகட்டுமா அக்கா என்று என் மனைவியிடம் நேராகக் கேட்டான். அவள் தலையை ஆட்டிவிட்டு அடுக்களைக்குப் போனாள். அடுத்த லீவில்தான் பிள்ளை கொட்டாரம் போனாள். இப்போது அங்கே படிக்கிறாள். பள்ளி லீவு முழுவதும் எங்கள் வீட்டில்.

ஆனால் எனக்கு அந்தக் காலைதான் நினைவில் நிற்கிறது. அடுக்களையிலிருந்து என் மனைவி, "சோறு வச்சிருக்குண்ணு அப்பாக்கிட்ட சொல்லு மக்கா" என்றாள். பிள்ளை ஓடி வந்து முன்னறையில் நின்றாள். என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். அவன் பக்கமாக இரண்டு அடி போனாள்.

"சோறு வச்சிருக்காம்," என்றாள். பிறகு அவளாகவே சேர்த்துக்கொண்டாள்: "மீனும் உண்டாம்."